ஆடித் தேய்ந்த மட்டை

பழைய சாமான்களிடத்தில் நம் வீடுகளுக்கு இரண்டு வித மனோபாவம் உண்டு. வருஷத்தில் ஒரு நாள் அவற்றுக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டுப் பூஜை செய்கிறோம். இன்னொரு நாள் அவற்றையே வாசலில் குவித்துக் கொளுத்துகிறோம். ஆயுத பூஜையன்று தச்சனுடைய உளியும், தையற்காரனுடைய கத்தரிக்கோலும், கணக்குப்பிள்ளையின் பேனாவும் தெய்வங்களாகி விடுகின்றன. சுமார் மூன்று மாதம் கழித்துப் போகிப் பண்டிகை வருகிறது. அப்பொழுது பரணிலிருந்து இறங்குகிற எதற்கும் உயிர்ப் பிச்சை கிடையாது. இவ்விரண்டு பண்டிகைகளுக்கும் நடுவே அகப்பட்டுத் தவிக்கும் ஒரு பொருளைப் பற்றி இந்த வாரம் பேச விரும்புகிறோம். அது ஹாக்கி மட்டை. கடையில் பளபளவென்று தொங்கும் புது மட்டையைச் சொல்லவில்லை. மைதானத்தில் ஆடி, அடிபட்டு, ஓரம் தேய்ந்து, பிடியில் சுற்றிய துணி வியர்வையில் கறுத்துப் போன பழைய மட்டையைச் சொல்கிறோம்.

நேயர்களில் சிலர் புன்னகை புரியலாம். தபால் தலை சேர்ப்பவரை நாம் அறிவோம். செப்புக் காசு சேர்ப்பவரையும், கீறல் விழுந்த கிராமபோன் தட்டுகளைக் குழந்தைகளைப் போல் பாதுகாப்பவரையும் அறிவோம். தேய்ந்த மட்டையையும், கிழிந்து தைத்த சட்டையையும், கோல் காவலரின் நைந்துபோன கையுறையையும் தேடிச் சேர்ப்பவர் உண்டா என்றால், உண்டு. உலகத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் உண்டு. அவர்களிடம் போய், “ஒரு புது மட்டை தருகிறேன், அந்தப் பழையதைக் கொடுங்கள்” என்று கேட்டுப் பாருங்கள். அந்தப் பேரத்துக்கு மட்டும் இணங்கவே மாட்டார்கள்.

இதில் பைத்தியக்காரத்தனம் ஒன்றும் இல்லை. ஆயுத பூஜையின் தத்துவமே இதுதான். கடையிலிருந்து வந்த உளி இரும்பும் மரமுமே தவிர வேறல்ல. பத்து வருஷம் ஒரு கை அதைப் பிடித்து உழைத்த பிறகு, அந்தக் கையின் திறமை அதில் படிந்து விட்டதாக நமக்குத் தோன்றுகிறது. அதனால்தான் கும்பிடுகிறோம். ஆட்டக்காரனுடைய மட்டையும் அப்படித்தான்.

ஹாக்கியின் சரித்திரத்தில் இந்தத் தேசத்துக்கு உள்ள இடத்தை நேயர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. ஆயினும் வருஷங்களைச் சொல்லி விடுகிறோம்: 1928, 1932, 1936, 1948, 1952, 1956, 1964, 1980. ஒலிம்பிக் பந்தயங்களில் எட்டுத் தங்கப் பதக்கங்கள். 1928-ம் வருஷம் ஆம்ஸ்டர்டாமில் நமது கோஷ்டி முடிவுப் பந்தயம் வரையில் ஒரு கோல் கூட வாங்கவில்லை. தியான் சந்த் 14 கோல்கள் போட்டார். 1932-ல் லாஸ் ஏஞ்ஜல்ஸில் அமெரிக்காவை 24-க்கு 1 என்ற கணக்கில் ஜயித்தோம். 1936-ம் வருஷம் ஆகஸ்டு 15-ந் தேதி பெர்லினில் ஜெர்மானியரை 8-க்கு 1 என்று முறியடித்தோம். அன்று மைதானத்துக்குள் இறங்குமுன், ஆடை மாற்றும் அறையில் நம் ஆட்டக்காரர்கள் காங்கிரஸ் மூவர்ணக் கொடிக்கு வணக்கம் செலுத்தினார்கள். பிரிட்டிஷ் இந்தியாவின் பெயரால் ஆட வந்தவர்கள் செய்த காரியம் அது! இடைவேளையின்போது நாம் போட்டிருந்தது ஒரே ஒரு கோல். பிறகு தியான் சந்த் ஆணி வைத்த பூட்ஸைக் கழற்றிப் போட்டுவிட்டு ஆடினார். பாக்கி ஏழு கோல்களும் இரண்டாவது பாதியில் விழுந்தவை.

தியான் சந்தின் மட்டைக்குள் காந்தம் இருக்கிறதோ என்று ஹாலந்து தேசத்தில் அதை உடைத்துப் பார்த்தார்களாம் என்று ஒரு கதை நெடுநாளாக வழங்கி வருகிறது. கதைக்கு அத்தாட்சி வேண்டுவதில்லை. கேட்பவருக்கு ஆனந்தம் இருந்தால் போதும். மட்டைக்கு அத்தாட்சி வேண்டும். இந்த வாரம் நாம் சொல்ல வந்த விஷயம் முழுவதும் இந்த ஒரு பேதத்தில் அடங்கியிருக்கிறது.

பனித்தரை நாட்டில்

கனடா தேசத்தில் ஹாக்கி என்றால் பனித்தரையில் சறுக்கிக்கொண்டு ஆடும் ஆட்டம். பந்துக்குப் பதிலாகக் கறுப்பு ரப்பர் வில்லை. ஆட்டம் வேறே ஆனாலும், ஆடிய சாமானை மதிப்பது எப்படி என்பதை அந்தத் தேசத்தாரிடம் கற்றுக்கொள்ளலாம்.

1972-ம் வருஷம் கனடாவும் சோவியத் ருஷ்யாவும் எட்டுப் பந்தயங்கள் ஆடின. கடைசிப் பந்தயம் செப்டம்பர் 28-ந் தேதி மாஸ்கோவில் நடந்தது. ஆட்டம் முடிய 34 விநாடி இருக்கும்போது பால் ஹெண்டர்ஸன் என்பவர் கோல் போட்டு, 6-க்கு 5 என்று பந்தயத்தையும் தொடரையும் ஜயித்துக் கொடுத்தார். அன்று அவர் அணிந்திருந்த சட்டை பிற்பாடு கைமாறி அமெரிக்காவுக்குப் போயிற்று. 2010-ல் அது ஏலத்துக்கு வந்தபோது, கனடா தேசத்துத் தனவந்தர் ஒருவர் 10 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து அதை வாங்கினார். வாங்கிப் பெட்டியில் பூட்டவில்லை. ஊர் ஊராகக் கொண்டுபோய் ஜனங்களுக்குக் காட்ட ஏற்பாடு செய்தார். வேய்ன் க்ரெட்ஸ்கி என்னும் பிரசித்தி பெற்ற ஆட்டக்காரர் எட்மண்டன் கோஷ்டிக்காகக் கடைசியாக 1988-ல் அணிந்த சட்டை, 2022-ல் 14 லட்சம் டாலரைத் தாண்டி விலை போயிற்று.

விலையைக் கேட்டு வியந்து போவதோடு நின்றுவிடக் கூடாது. விலையில்லாத காரியங்களும் அங்கே நடக்கின்றன. 2002-ல் அமெரிக்காவில் ஸால்ட் லேக் ஸிட்டியில் குளிர்கால ஒலிம்பிக் நடந்தபோது, பனித்தளம் அமைக்கச் சென்ற கனடாக்காரர் ஒருவர் மைதானத்தின் நடுவில் பனிக்கட்டிக்கு அடியிலே தம் தேசத்து ஒரு டாலர் நாணயத்தை இரகசியமாகப் புதைத்து வைத்தார். அந்த மைதானத்தில் கனடாவின் பெண்கள் கோஷ்டியும் ஆண்கள் கோஷ்டியும் தங்கம் வென்றன. நாணயம் டொரோண்டோ நகரிலுள்ள ஹாக்கிப் புகழ் மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தது. குழந்தைகள் தொட்டுப் பார்க்கும்படி அதற்கு ஒரு துவாரம் விட்டுக் கண்ணாடிப் பெட்டி செய்தார்கள்!

இன்னொரு சம்பவத்தையும் நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். 2010-ம் வருஷம் பிப்ரவரி 28-ந் தேதி வான்கூவர் நகரில் ஸிட்னி க்ராஸ்பி என்ற இளைஞர் கோல் போட்டுக் கனடாவுக்குத் தங்கம் வாங்கித் தந்தார். போட்ட கணமே மட்டையையும் கையுறையையும் வீசியெறிந்து குதித்தார். அந்த அமளியில் மட்டை ஒன்றும் கையுறை ஒன்றும் காணாமற் போயின. தேசம் முழுவதும் இதே பேச்சாயிற்று. ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து தேடினார்கள். சில நாட்களில், ருஷ்யாவிலுள்ள ஸெயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகருக்கு அனுப்ப வைத்திருந்த சாமான்களுக்கிடையே மட்டை அகப்பட்டது. கையுறை சக ஆட்டக்காரர் ஒருவருடைய பையில் இருந்தது. ஒரு மட்டைக்கும் ஒரு கையுறைக்கும் இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று கேட்பவர்கள், அடுத்த விஷயத்தைப் படித்துவிட்டுக் கேட்கட்டும்.

நம் நாட்டில்

பல்பீர் சிங் (மூத்தவர்) 1948, 1952, 1956 ஆகிய மூன்று ஒலிம்பிக்குகளில் தங்கம் வென்றவர். 1948-ம் வருஷம் ஆகஸ்டு 12-ந் தேதி, சுதந்திரத்தின் முதலாவது ஆண்டு நிறைவுக்கு மூன்று நாள் முன்னதாக, லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் பிரிட்டனை 4-க்கு 0 என்று நாம் ஜயித்தபோது, அந்த நாலில் இரண்டு கோல்கள் அவருடையவை. 1952-ல் ஹெல்ஸிங்கியில் ஹாலந்துக்கு எதிராக முடிவுப் பந்தயத்தில் போட்ட ஆறு கோல்களில் ஐந்து அவருடையவை. 1956-ல் மெல்போர்னில் அவரே காப்டன். தேசக் கொடியை ஏந்திச் சென்றவரும் அவரே. முறிந்த விரலோடு ஆடி, முடிவுப் பந்தயத்தில் பாகிஸ்தானை 1-க்கு 0 என்று வெல்லக் கோஷ்டியை நடத்திச் சென்றார்.

இத்தகையவர் 1985-ம் வருஷம் தம்மிடமிருந்த சின்னங்களை, பின்னால் அமையப்போகும் விளையாட்டுப் பொருட்காட்சிசாலையில் வைப்பதற்கென்று, இந்திய விளையாட்டு ஆணையத்திடம் ஒப்படைத்தார். மெல்போர்னில் அணிந்த காப்டன் கோட்டு, 36 பதக்கங்கள், நூற்றுக்கு மேற்பட்ட புகைப்படங்கள் எல்லாம் அதில் அடக்கம். ஒலிம்பிக் தங்கப் பதக்கங்கள் மூன்றை மட்டும் தம்மிடம் வைத்துக்கொண்டார். 2012-ல் லண்டன் ஒலிம்பிக் சமயத்தில் ஒரு கண்காட்சிக்காக அவை தேவைப்பட்டன. அப்பொழுதுதான் அவை இருக்கவேண்டிய இடத்தில் இல்லை என்பது தெரிய வந்தது. அவரும் குடும்பத்தாரும் பல வருஷம் கேட்டுக் கேட்டு அலைந்தார்கள். 2020-ம் வருஷம் மே 25-ந் தேதி அவர் காலமானார். கோட்டு அவர் கைக்குத் திரும்பவில்லை.

கனடாக்காரர்கள் ஒரு மட்டையைக் காணாமல் சில நாள் தூக்கமின்றித் தவித்தார்கள். நாம் 27 வருஷம் ஒரு கோட்டைப் பற்றி நினைக்கவே இல்லை. இரண்டு தேசத்துக்கும் உள்ள வித்தியாசம் பணம் என்று சொல்லிச் சமாதானம் செய்துகொள்ள முடியாது. க்ராஸ்பியின் மட்டையைத் தேடியதற்குக் காரணம் அதன் விலை அன்று. அது எங்கே என்று கேட்பவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். பல்பீர் சிங்கின் கோட்டை எங்கே என்று கேட்பவர்கள் இல்லாமற் போனதால்தான் அது போயிற்று. ஒரு பெரிய காரியாலயத்தில் கோட்டு ஒன்று தொலைவது பூட்டில்லாததனால் அல்ல; ஜாபிதா இல்லாததனாலும், அந்த ஜாபிதாவைப் பார்க்க யாரும் வராததனாலுமே.

ஆகவேதான் விளையாட்டு அபிமானியான ஒரு சாதாரணக் குடும்பஸ்தன் ஆடிய சாமான்களைச் சேர்ப்பதை வெறும் பொழுதுபோக்கு என்று நாம் நினைக்கவில்லை. அவன் கேட்பவன், எழுதி வைப்பவன். பெரிய காட்சிசாலைகள் மறந்ததைச் சிறிய அலமாரிகள் நினைவில் வைத்துக்கொள்ள முடியும். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. அலமாரியில் இருப்பது உண்மையாக இருக்க வேண்டும்.

மெய்யும் பொய்யும்

சேர்ப்பவர்கள் சாமான்களை நான்கு ஜாதியாகப் பிரிப்பார்கள். முதலாவது, பந்தயத்தில் உண்மையாகவே ஆடியது. இரண்டாவது, ஆடுவதற்கென்று ஆட்டக்காரருக்குக் கொடுக்கப்பட்டு, ஆடாமலே பெட்டியில் இருந்தது. மூன்றாவது, ஆட்டக்காரர் கையெழுத்து மட்டும் இட்டது. நான்காவது, கடையில் விற்பதற்காகச் செய்த பிரதி. நான்கும் தனித்தனியே வைத்துக்கொள்ளத் தக்கவையே. நாலாவதை முதலாவது என்று சொல்லும்போதுதான் மோசடி பிறக்கிறது.

விலை வந்த இடத்தில் மோசடியும் பின்னாலேயே வரும். நம் நாட்டுக்கும் விலை வந்துவிட்டது. டோக்கியோ ஒலிம்பிக்குக்குப் பிறகு, வீரர்கள் பிரதமருக்கு அன்பளிப்பாகக் கொடுத்த சாமான்களை 2021-ல் மத்திய சர்க்கார் ஏலம் விட்டது. நீரஜ் சோப்ராவின் ஈட்டி 1.5 கோடி ரூபாய்க்கும், சென்னை பவானி தேவியின் வாள் 1.25 கோடி ரூபாய்க்கும் கேட்கப்பட்டன. ஹாக்கி கோஷ்டியார் கையெழுத்திட்ட மட்டைகளும் அந்த ஏலத்தில் இருந்தன. ஆகையால் இனிமேல் “இது இன்னார் ஆடிய மட்டை” என்று யாராவது கொண்டு வந்தால், கும்பிடுவதற்கு முன்னால் திருப்பிப் பார்ப்பது நலம்.

எதைப் பார்ப்பது? முதலில் மட்டையின் தேகம். ஹாக்கி மட்டைக்கு இடது பக்கம் தட்டை. வலது பக்கம் உருண்டை. விதிப்படி 737 கிராமுக்கு மேல் எடை கூடாது. தட்டையான பக்கத்தில் பந்து பட்ட வடுக்கள் ஓரிடத்தில் குவிந்திருக்கும். தரையில் உராயும் அடிப்புறமும் வளைவின் நுனியும் தேய்ந்திருக்கும். மட்டையைத் தலைகீழாகத் திருப்பி இடப்புறத்தில் ஆடும் வழக்கமுள்ளவரானால், நுனியின் ஓரம் இன்னும் அதிகமாகத் தேய்ந்திருக்கும். தேய்மானம் ஒருவருடைய ஆட்டத்தின் கையெழுத்து என்றே சொல்லலாம். பொய் செய்கிறவன் உப்புத்தாளை எடுத்து எல்லாப் பக்கமும் சமமாகத் தேய்த்துவிடுகிறான். மைதானம் அப்படிச் சமதர்மமாகத் தேய்ப்பதில்லை!

இரண்டாவது, காலக் கணக்கு. பழைய ஆங்கில மட்டைகள் ஆஷ் மரத்தால் ஆனவை. அவற்றின் வளைவு நீளமாக இருக்கும். பட்டுப் பூச்சிக்குத் தழை தரும் முசுக்கட்டை மரம் நன்றாக வளைந்து கொடுக்கும். அதைக் கொண்டு நம் நாட்டுத் தொழிலாளர்கள் குறுகிய வளைவுள்ள மட்டைகளைச் செய்தார்கள். பிரம்பும் ரப்பரும் அடுக்கிச் சேர்த்த கைப்பிடியை அதில் பொருத்தினார்கள். இந்த உருவம் பிறகு உலகமெங்கும் பரவிற்று. அந்தத் தொழிலுக்குப் பேர் போன ஊர் ஸியால்கோட். 1947-ல் தேசம் பிரிந்தபோது தொழிலாளர் பலர் இப்பக்கம் வந்து ஜலந்தரிலும் மீரத்திலும் பட்டறை போட்டார்கள். ஆகவே, “ஸியால்கோட், இந்தியா” என்று முத்திரை குத்திய மட்டை ஒன்று உங்கள் பரணில் இருந்தால், அது பிரிவினைக்கு முந்தியது என்று அறிந்துகொள்ளலாம். கார்பன் நார் முதலிய செயற்கைப் பொருள்களாலேயே ஆன மட்டைகளுக்குச் சர்வதேச விதிகள் இடங்கொடுத்தது 1990-களில்தான். அத்தகைய மட்டையைக் காட்டி, “1975-ல் கோலாலம்பூரில் உலகக் கோப்பை ஜயித்தபோது ஆடியது” என்று ஒருவர் சொன்னால், காபி கொடுத்து அனுப்பிவிடலாம்.

மூன்றாவது, புகைப்படம். பனி ஹாக்கிச் சட்டைகளைச் சேர்ப்பவர்கள் இதில் மகா நிபுணர்கள். பலகைச் சுவரில் மோதியதால் விழுந்த கறை, ரப்பர் வில்லை பட்ட கறுப்பு, கிழிந்து தைத்த இடம், முதுகிலுள்ள எண்ணின் விளிம்பு துணியின் எந்தக் கண்ணில் வந்து முடிகிறது என்பது வரையில் பூதக் கண்ணாடி வைத்துப் பார்த்து, பந்தய நாளில் எடுத்த படத்தோடு ஒப்பிடுகிறார்கள். இரண்டு சட்டைகளை ஒரே இயந்திரம் தைத்தாலும், ஒரே இடத்தில் ஒரே மாதிரி கிழிவதில்லை அல்லவா? மட்டைக்கும் இது பொருந்தும். பிடியில் துணி சுற்றிய விதம், நுனியில் ஒட்டிய நாடா, விழுந்த பிளவு ஆகிய எல்லாமே படத்தில் பேசும்.

நாலாவது, எல்லாவற்றையும் விட முக்கியமானது, கைமாறிய வரலாறு. ஆட்டக்காரர் யாரிடம் கொடுத்தார்? அவரிடமிருந்து யாருக்கு வந்தது? ஒவ்வொரு கண்ணியும் தெரிந்தால் சங்கிலி உறுதி. நடுவில் “யாரோ ஒரு நண்பர்” வந்துவிட்டால் சங்கிலி அறுந்தது.

வீட்டில் செய்யவேண்டியது

பெரிய ஒலிம்பிக் வீரர்களின் மட்டை நமக்கு எங்கே கிடைக்கப் போகிறது என்று நேயர்கள் கேட்கலாம். கிடைக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் ஹாக்கிக்குப் பஞ்சம் இல்லை. 1980-ல் மாஸ்கோவில் தங்கம் வென்ற கோஷ்டியின் காப்டன் வி. பாஸ்கரன் நம்மவர். 1975-ல் உலகக் கோப்பை வென்ற வி. ஜே. பிலிப்ஸும், 1968-லும் 1972-லும் வெண்கலம் வென்ற கிருஷ்ணமூர்த்தி பெருமாளும் நம்மவர்கள். சென்னையில் எம்.சி.சி. முருகப்பா தங்கக் கோப்பைப் பந்தயம் 1901-ம் வருஷத்திலிருந்து பேர் பெற்றது. கோவில்பட்டியில் சிறுவர்களுக்கு மட்டையும் கையுமாக வளர்வது வழக்கம். ரயில்வே, ரயில் பெட்டித் தொழிற்சாலை, போலீஸ், பாங்குகள் ஆகியவற்றில் ஹாக்கி ஆடியே உத்தியோகம் பெற்றவர்கள் எத்தனையோ பேர். அவர்களில் ஒருவர் உங்கள் பெரியப்பாவாகவோ, அடுத்த வீட்டுத் தாத்தாவாகவோ இருக்கலாம். அவருடைய மட்டை மாடிப்படியின் கீழே குடைக் கம்பிகளோடு கிடக்கலாம். மாங்காய் பறிக்கும் துறட்டிக்குக் காம்பாகவும் ஆகியிருக்கலாம்.

அதை எடுத்துத் துடையுங்கள். ஆனால் அதிகமாகத் துடைக்க வேண்டாம். புது வார்னிஷ் பூச வேண்டாம். கறுத்துப்போன பிடித்துணியை அவிழ்த்துவிட்டுப் புதிது சுற்ற வேண்டாம். அந்தக் கறுப்பில்தான் ஆட்டக்காரர் இருக்கிறார். சட்டையானால் வெளுக்கப் போட வேண்டாம். நிழலில் உலர்த்தி, வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் அடைத்தால் நம் கடற்கரைப் பிரதேசத்தின் ஈரத்தில் பூஞ்சை பிடித்துவிடும். மர மட்டைக்குப் பரம விரோதி கரையான். சுவரில் சாய்க்காமல் தரையிலிருந்து உயரத்தில் படுக்க வைத்து, உலர்ந்த வேப்பிலை போட்டு, மாதம் ஒரு முறை எடுத்துப் பாருங்கள்.

இதெல்லாவற்றையும் விட அவசியமானது ஒரு துண்டுக் காகிதம். மட்டை யாருடையது, எந்தப் பந்தயத்தில், எந்த மைதானத்தில், எந்த வருஷம் ஆடினார், யார் மூலமாக வந்தது என்று ஐந்து வரி எழுதி, தேதியிட்டு, நூலால் மட்டையிலேயே கட்டிவிடுங்கள். ஆடியவர் உயிரோடிருந்தால் அவரையே எழுதச் சொல்லிக் கையெழுத்து வாங்குங்கள். அவர் சொல்லுவதை அவர் வார்த்தையிலேயே எழுதிக்கொள்ளுங்கள்; நாலு கோலைப் பத்துக் கோலாக்க வேண்டாம். நிச்சயமாகத் தெரிந்ததை மட்டும் எழுதுங்கள். “திருச்சியில் ஆடியது” என்று மட்டும் தெரிந்தால் அதோடு நிறுத்துங்கள். சீட்டில்லாத மட்டை விறகு. பொய்ச் சீட்டுக் கட்டிய மட்டை விறகைக் காட்டிலும் கீழானது. விறகாவது அடுப்பு எரிய உதவும்!

மட்டையோடு நிற்க வேண்டாம். பந்தயத்தின் டிக்கட்டு, நிகழ்ச்சித்தாள், பத்திரிகைத் துணுக்கு, கோஷ்டியின் படம் எல்லாமே சேர்க்கத் தக்கவை. எத்தனை வீடுகளில் பதினொரு பேர் மார்பில் கை கட்டி நிற்கும் படம் மாட்டியிருக்கிறது! “நடுவில் நிற்பவர் நம் மாமா” என்பதோடு வீட்டாரின் அறிவு முடிந்துவிடுகிறது. மற்றப் பத்துப் பேரும் ஒரு காலத்தில் பெயருள்ளவர்கள்தான். மாமா இருக்கும்போதே, இடமிருந்து வலமாக அந்தப் பெயர்களைக் கேட்டுப் படத்தின் பின்புறம் பென்ஸிலால் எழுதி வைக்க ஒரு மாலைப் பொழுது போதாதா?

ஒரு வேண்டுகோள்

சேர்ப்பவருக்கு ஆசை இருக்கலாம், பேராசை கூடாது. பழைய ஆட்டக்காரர் ஒருவர் கஷ்டத்தில் இருக்கும் சமயம் பார்த்து, அவர் பதக்கத்தைக் குறைந்த விலைக்கு வாங்கிவருவது சேகரிப்பு ஆகாது. அதற்கு அடகுக் கடைக்காரர் இருக்கிறார். அப்படிப்பட்ட இடத்தில் பொருளை அவர் வீட்டிலேயே விட்டுவிட்டு, அதன் வரலாற்றை மட்டும் எழுதி வாங்கி வருவதே அழகு.

இன்றைய இளம் ஆட்டக்காரரிடம் கேட்பதிலும் முறை உண்டு. இக்காலத்து நல்ல மட்டை ஒன்றின் விலை பல ஆயிரம் ரூபாய். சிறிய ஊரிலிருந்து வருகிற பையனுக்கு இருப்பது ஒன்றோ இரண்டோதான். ஆட்டம் முடிந்ததும் “ஞாபகார்த்தமாகக் கொடு” என்று கையை நீட்டினால், மரியாதைக்காகக் கொடுத்துவிட்டு மறுநாள் கடன் வாங்கி ஆடுவான். பி. ஆர். ஸ்ரீஜேஷ் டோக்கியோவிலும் 2024-ல் பாரிஸிலும் வெண்கலம் வென்ற கோல் காவலர். அவர் ஓய்வு பெற்றபோது அவர் அணிந்த 16-ம் எண்ணையே முதல்தரக் கோஷ்டியில் இனி யாருக்கும் தருவதில்லை என்று தீர்மானித்தார்கள். அத்தகையவர் சிறுவனாயிருந்தபோது, காலுறைக் கவசம் முதலிய சாமான்கள் வாங்குவதற்காக அவருடைய தகப்பனார் வீட்டுப் பசுவை விற்றார். ஜார்க்கண்டில் சிம்டேகா பக்கத்துக் கிராமங்களில் பெண் குழந்தைகள் மூங்கில் கழியை வளைத்துக்கொண்டு ஆடக் கற்றுக்கொள்கிறார்கள். அங்கிருந்து இந்தியக் கோஷ்டிக்கே வந்து சேர்ந்தவர்களும் உண்டு.

ஆகையால் சேகரிக்கும் நேயர்களுக்கு ஒரு யோசனை சொல்லுகிறோம். ஓர் ஆட்டக்காரரிடம் ஆடிய மட்டை ஒன்று வேண்டுமானால், ஒரு புது மட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். அவர் ஆடுவதற்கு அது. நீங்கள் காப்பாற்றுவதற்கு இது. முறிந்த மட்டை போதுமென்றால் இன்னும் நல்லது. அதை அவர் எப்படியும் எறியத்தான் போகிறார். உங்கள் அலமாரியில் ஒன்று கூடும்போது மைதானத்தில் ஒன்று குறையக் கூடாது.

போகிக்கு இன்னும் அவகாசம் இருக்கிறது. பரண்மேல் ஏறும் நேயர்கள் விளக்கோடு ஒரு பேனாவையும் எடுத்துக்கொண்டு ஏறும்படி கேட்டுக்கொள்கிறோம்.